குளத்து இயந்திரத்தை மாற்ற எத்தனை நாள்?

ஒரு காட்டில் எல்லாமே நிறைய இருந்தன. குடிக்கத் தண்ணீருள்ள குளம் மட்டும் ஒன்றே ஒன்று இருந்தது. ஆகவே அந்தக் காட்டுக்கு ஓர் அலுவலகமும் வந்து சேர்ந்தது.

மானும் புலியும் ஒரே நேரத்தில் குளத்துக்கு வந்தால் மான் தண்ணீர் குடிக்காது. புலிக்கும் தண்ணீர் ஞாபகம் இருக்காது. இந்தச் சங்கடத்தைத் தீர்ப்பதற்காக இருபத்தாறு வருடங்களுக்கு முன்பு ஒரு முள்ளம்பன்றி கணினி நிரல் ஒன்றை எழுதியது. எந்த விலங்கு எந்த நேரத்தில் குளத்துக்கு வரலாம் என்று அந்த நிரல் கணக்குப் போடும். மருதமரத்துப் பொந்தில் வைத்திருந்த இயந்திரம் தினமும் காலையில் சீட்டு அடித்துத் தள்ளும். எல்லா விலங்குகளும் வரிசையில் நின்று சீட்டு வாங்கிக்கொண்டு போகும். புலிகூடத் தன் சீட்டைக் கசங்காமல் பல்லில் கவ்விக்கொண்டு போவதைப் பார்த்தவர்கள் உண்டு.

பிறகு முள்ளம்பன்றி ஓய்வுபெற்று மேற்கு மலைக்குப் போய்விட்டது. நிரலைப் பற்றி ஒரு குறிப்பும் எழுதி வைக்கவில்லை. இயந்திரத்துக்கும் வயதாகிவிட்டது. காலையில் நாலு தட்டுத் தட்டினால்தான் விழித்தது. மழை நாளில் எத்தனை தட்டினாலும் விழிக்கவில்லை. உதிரிபாகம் கேட்டுக் கடிதம் எழுதினால், அப்படி ஓர் இயந்திரத்தைத் தாங்கள் செய்ததே இல்லை என்று அதைச் செய்த நிறுவனம் பதில் போட்டது.

காட்டு நிர்வாகத்தின் ஆணையர் காட்டெருது மாசிலாமணி ஒரு முடிவுக்கு வந்தார். புது இயந்திரம் வாங்குவது. ஒவ்வொரு விலங்கின் முன்காலிலும் ஒரு மின்பட்டை கட்டுவது. இனிமேல் முறை வந்ததைப் பட்டையே சொல்லும், சீட்டு கிடையாது. பழைய நிரலில் இருக்கிற விதிகளை எல்லாம் புதியதற்கு மாற்றிவிட வேண்டியதுதான். அதற்கு எத்தனை நாள் ஆகும் என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்றார்.

அதைச் சொல்ல வேண்டியவர் மதிப்பீட்டுப் பிரிவின் மூத்த அலுவலர் அழுங்கு ஏகாம்பரம்.

அழுங்கு என்பது முதுகெல்லாம் செதிலும் நீண்ட நாக்கும் உடைய பிராணி. எறும்பையும் கறையானையும் தின்று வாழ்வது. ஏகாம்பரம் இருபத்திரண்டு வருடப் பணியில் நாற்பத்தொரு வேலைகளுக்கு நாள் மதிப்பிட்டுக் கொடுத்திருந்தார். ஒன்றுகூடச் சரியாக வந்ததில்லை. மூன்று நாளில் முடியும் என்று அவர் எழுதிய ஒற்றையடிப் பாதை மூன்று வருடம் இழுத்தது. எட்டு மாதம் என்று எழுதிய இன்னொரு வேலை தொடங்கவே இல்லை. தம்முடைய மதிப்பீடுகளில் பிழை குறைவானது அதுதான் என்று அவர் நினைத்தார். அவரோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லாம் முதல் தவறிலேயே வெட்கப்பட்டு விலகிப் போய்விட்டார்கள். ஏகாம்பரத்துக்கு வெட்கம் கொஞ்சம் தாமதமாக வரும். அதற்குள் பதவி உயர்வு வந்துவிடும்.

தம்முடைய மதிப்பீடுகள் ஏன் தவறுகின்றன என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. அலுவலகத்தில் எழுத்து வேலை, சுமை வேலை எல்லாம் செய்வது கறையான்கள். வேலை நெருக்கடி வந்தால் ஏகாம்பரத்துக்குப் பசிக்கும். நானூறு கறையான்களோடு தொடங்கும் வேலை நானூறு பேரோடு முடியும் என்றுதான் அவர் ஒவ்வொரு முறையும் கணக்குப் போடுவார். நடுவில் தாம் தின்னப்போகிற கறையான்களை மதிப்பீட்டில் எந்த இடத்தில் எழுதுவது என்று படிவத்தில் இல்லை. ஆகவே வேலை இழுத்துக்கொண்டு போகும். காரணம் என்ற கட்டத்தில் ‘ஆள் பற்றாக்குறை’ என்று எழுதுவார். அது பொய்யும் இல்லை.

இதனால் அவருக்குப் பெரிய கெடுதல் எதுவும் வந்ததில்லை, ஒன்றைத் தவிர. அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வேலைக்கு நாள் குறித்துக் கையெழுத்துப் போட்டவர் யாரோ, அவர்தான் வேலை முடிந்த முதல் நாள் அதை முதலில் பயன்படுத்த வேண்டும். கொடிப்பாலம் என்றால் அவர் தனியாக நடந்து காட்ட வேண்டும். வளை என்றால் உள்ளே போய் ஒரு பகல் இருக்க வேண்டும். இந்த வழக்கத்தால் ஏகாம்பரம் இரண்டு பாலங்களிலிருந்து விழுந்திருக்கிறார். ஒரு வளைக்குள் மூன்று நாள் புதைந்தும் கிடந்திருக்கிறார். செதில் காப்பாற்றியது.

ஆனால் இந்த முறை அவர் செய்ய வேண்டியது வேறு. புது இயந்திரம் ஓடத் தொடங்கும் முதல் காலையில், முதல் ஆளாக, தனியாகக் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடிக்க வேண்டும். அவசரத்தில் விதிகளைத் தப்பும் தவறுமாக மாற்றியிருந்தால், அதே நேரத்துக்குப் புலியும் வந்து நிற்கும். அழுங்கின் முதுகில்தான் செதில் இருக்கிறது. வயிறு வெறும் தோல். இது ஏகாம்பரத்துக்குத் தெரியும், புலிக்கும் தெரியும்.

எனவே வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு மதிப்பீட்டை ஒழுங்காகச் செய்துவிடுவது என்று அவர் தீர்மானித்தார்.

மருதமரத்துப் பொந்தில் உட்கார்ந்து பழைய நிரலை முதல் வரியிலிருந்து படித்தார். மொத்தம் ஆயிரத்து இருநூற்று நான்கு விதிகள் இருந்தன. முதல் நூறு விதிகள் நன்றாகவே புரிந்தன. அதன் பிறகு முள்ளம்பன்றிக்கு வேலை கூடியிருக்க வேண்டும்.

முந்நூற்றுப் பதினெட்டாவது விதி, புதன்கிழமை காட்டுப்பன்றிகளுக்குச் சீட்டு இல்லை, முனியன் விடுப்பு என்றது. முனியன் யார் என்று பன்றிகளைக் கேட்டார். வாசலில் நின்ற காவல்காரக் கரடி என்று ஒரு பன்றி சொன்னது. முனியன் என்பது ஆளே அல்ல, ஒரு வாளி என்று இன்னொன்று சத்தியம் செய்தது. புதன்கிழமைகளில் தண்ணீர் குடிக்காமல் இருப்பது தங்கள் குலத்து விரதம் என்றே மற்ற பன்றிகள் நம்பிக்கொண்டிருந்தன. அறுநூற்றுப் பதினோராவது விதியில், இதை எடுத்துவிடாதே, ஏன் என்று எனக்கும் மறந்துவிட்டது, ஒரு தடவை எடுத்துப் பார்த்தபோது தவளைகள் மூன்று நாள் கத்தவில்லை என்று எழுதியிருந்தது. தொள்ளாயிரத்து இரண்டாவது விதி, மேலே சொன்னது மழைக்காலத்தில் பொருந்தாது என்றது. மேலே தொள்ளாயிரத்தொரு விதிகள் இருந்தன.

ஒரு விதியைப் புரிந்துகொண்டு மாற்றுவதற்குச் சராசரியாக ஒன்றரை நாள் என்று வைத்துக்கொண்டார். ஆயிரத்து எண்ணூற்று ஆறு நாள் வந்தது. எதற்கும் குளக்கரைக்குப் போய், சீட்டில் இருப்பதும் கரையில் நடப்பதும் ஒத்துப்போகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று கிளம்பினார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் எந்த வேலையையும் அது நடக்கிற இடத்துக்குப் போய்ப் பார்த்ததில்லை.

குளக்கரையில் ஆள்காட்டிக் குருவி செங்கமலம் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தாள். கரை உதவியாளர், தற்காலிகப் பணி. அவளுடைய கூடும் முட்டைகளும் பக்கத்திலேயே சரளைக்கல் நடுவில் தரையில் இருந்தன.

சிறிது நேரம் பார்த்ததிலேயே ஏகாம்பரத்துக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. சீட்டில் இருந்த நேரத்துக்கு ஒருவரும் வரவில்லை. வந்தவர்கள் எல்லாம் சீட்டைச் செங்கமலத்திடம் காட்டினார்கள். அவள் அதை அரைப்பார்வை பார்த்துவிட்டு, குடி என்றோ, அந்தப் பாறை நிழல் தண்ணீரைத் தொட்டதும் வா என்றோ சொன்னாள். காரணம் கேட்டார்.

“இடி விழுந்ததுலேருந்து மிஷின் கடிகாரம் அஞ்சு மணி நேரம் பின்னாடி ஓடுது சார். பதினோரு வருஷமாச்சு. நான் அஞ்சைக் கூட்டிச் சொல்லிடுவேன்.”

“இதை ஆபீஸ்ல எழுதிக் கொடுக்கலையாம்மா?”

“கொடுத்தேனே. மனு ஆபீஸ் திறக்கறதுக்கு முன்னாடியே வந்திருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஆபீஸ் கடிகாரத்தை அந்த மிஷினைப் பார்த்துத்தானே வைக்கிறாங்க.”

பிறகு அவள் சொன்னதிலிருந்து இன்னொன்றும் தெரிந்தது. இடி விழுந்த பிறகு பிறந்த எந்த விலங்கின் பெயரும் இயந்திரத்தில் ஏறவில்லை. இறந்த விலங்கின் பெயரும் நீங்கவில்லை. ஆகவே புதிதாகப் பிறந்தவை எல்லாம் செத்துப்போனவற்றின் சீட்டில் வந்துகொண்டிருந்தன. அப்போது கரையில் நின்று குடித்த மான்குட்டி, இறந்துபோன ஒரு கரடியின் பெயரில் வந்திருந்தது. யார் யாருடைய பெயரில் வருகிறார்கள் என்பது செங்கமலத்துக்கு மனப்பாடம்.

ஏகாம்பரம் இன்னும் கொஞ்சம் கிட்டே போனார். தமக்கு முக்கியமான கேள்வியைக் கேட்டார்.

“சரி, புலி? புலியோட சீட்டுல எத்தனை மணி கூட்டுவீங்க?”

“புலி சீட்டை நான் பார்த்ததே இல்ல சார். அதுகிட்டப் போய் யாரு கேட்கறது? அது வர்றப்போ அந்தப் பக்கத்துப் புல்லு அசையும். அசைஞ்சதும் நான் கத்துவேன். எல்லாரும் ஓடிடுவாங்க. அது வந்து குடிச்சிட்டு, கரை காலியா இருக்கு, ஏற்பாடு பிரமாதம்னு சொல்லிட்டுப் போகும்.”

“எவ்வளவு நாளா இப்படி?”

“மிஷின் வர்றதுக்கு முன்னாடி எங்கம்மா கத்திட்டிருந்தாங்க.”

ஏகாம்பரம் அப்படியே சரளையில் உட்கார்ந்துவிட்டார். இருபத்தாறு வருடமாக ஒரு காடே காலையில் வரிசையில் நின்று சீட்டு வாங்கியது. அந்தச் சீட்டால் ஒரு மானும் பிழைக்கவில்லை. பிழைக்க வைத்ததெல்லாம் ஒரு குருவியின் சத்தம். அவள் கத்துவதும் சம்பளத்துக்காக அல்ல, முட்டைகளுக்காக. மாற்றுவதற்கு என்று அங்கே ஒன்றுமே இல்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் செங்கமலத்தின் வேலையை நிரந்தரமாக்கினால் போதும்.

அவர் படிவத்தை எடுத்தார். தேவைப்படும் நாட்கள் என்ற கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதினார். இதுவரை எழுதிய மதிப்பீடுகளில் அவருக்கே புரிந்தது அது ஒன்றுதான்.

மறுநாள் ஆணையர் அறையில் அந்தப் படிவத்தை மாசிலாமணி மூன்று முறை படித்தார். பிறகு திட்ட அலுவலர் நரி தாமோதரனிடம் தள்ளினார். ஏகாம்பரம் குளக்கரையில் கண்டதையெல்லாம் விளக்கமாகச் சொன்னார். ஆணையர் குறுக்கிடாமல் கேட்டார். பூஜ்ய நாளில் முடிகிற வேலைக்குத் தொடக்க விழா வைக்க முடியாது என்றும், இருபத்தாறு வருடம் சீட்டு எதற்குக் கொடுத்தீர்கள் என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டியது தாமாகத்தான் இருக்கும் என்றும் வருத்தத்தோடு சொன்னார். தாமோதரன் இன்னும் சுருக்கமாகச் சொன்னார். பூஜ்யம் என்று எழுதினால் அதற்கு மதிப்பீட்டுப் பிரிவு எதற்கு என்ற கேள்விதான் முதலில் வருமாம்.

ஏகாம்பரத்துக்கு இது புரிந்தது. தமக்குப் புரிந்தது என்பதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. பூஜ்யத்தை அழித்துவிட்டு, பையில் தயாராக வைத்திருந்த ஆயிரத்து எண்ணூற்று ஆறை எழுதிக் கொடுத்தார்.

கோடை வருவதற்குள் முடியாதா என்று ஆணையர் கேட்டார். கோடைக்கு நூற்றிருபது நாள் இருந்தது. எத்தனை நாள் ஆகும் என்று அவர் நேராக முகத்தைப் பார்த்துக் கேட்டதும் ஏகாம்பரம் வழக்கம்போல் உருண்டையாகச் சுருட்டிக்கொண்டார். அலுவலகத்தில் இது எல்லோருக்கும் பழக்கம். குமாஸ்தாக் கறையான் ‘பரிசீலனையில்’ என்று குறித்துக்கொண்டது. உருண்டை பிரியும்வரை ஆணையரும் நரியும் தேநீர் குடித்தார்கள்.

“ஏகாம்பரம் சார், உங்க கணக்குல எங்க நாள் வீணாகுதுன்னு நான் சொல்லட்டுமா?” என்றார் தாமோதரன். “ஒரு விதியைப் புரிஞ்சுக்க ஒன்றேகால் நாள் போட்டிருக்கீங்க. மாத்தறதுக்குக் கால் நாள்தான். புரிஞ்சாத்தானே நாள் ஆகும்? புரியாம மாத்துங்க. உள்ளது உள்ளபடி. கறையான் ஒரு வரியைத் தூக்கிட்டுப் போய் அங்க வைக்கப் போகுது. அதுக்கு அர்த்தம் எதுக்கு? அந்தக் கால் நாள்கூட வேண்டாம், நாளுக்குப் பத்து விதி ஓடும்.”

நாளுக்குப் பத்து என்றால் நூற்றிருபது நாளில் ஆயிரத்து இருநூறு விதிகள். மீதி நான்கு விதிகளைக் கடைசி நாளில் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்றார் ஆணையர். கணக்கு எங்கிருந்து கிளம்பினாலும் நூற்றிருபதுக்குத்தான் வந்து சேர்ந்தது.

செங்கமலத்தை என்ன செய்வது என்று ஏகாம்பரம் கேட்டார். படிவத்தில் அவளுக்கு இடம் தேடினார்கள். அவள் விதி அல்ல, இயந்திரம் அல்ல, உதிரிபாகமும் அல்ல. கடைசியில் பணியாளர் பயிற்சி என்ற தலைப்பின் கீழ் ‘குருவி ஒன்று, அரை நாள்’ என்று எழுதினார்கள். ஏகாம்பரம் கையெழுத்துப் போட்டார். போடும்போது முதுகுச் செதில்கள் தாமாக எழுந்து நின்றன. இதற்காக உத்தியோகத்தை விட்டுவிட முடியுமா என்று தம்மைத் தாமே சமாதானப்படுத்திக்கொண்டார். முடிந்திருக்கும். ஆனால் அதற்கு எத்தனை நாள் ஆகும் என்று அவருக்கு மதிப்பிடத் தெரியவில்லை.

வேலை தொடங்கியது. நானூறு கறையான்கள் மருதமரத்துக்கும் புது இயந்திரத்துக்கும் நடுவில் வரிசை கட்டி நடந்தன. இந்த முறை அவற்றில் ஒன்றைக்கூடத் தின்பதில்லை என்று ஏகாம்பரம் உறுதி எடுத்திருந்தார். முதல் வாரம் உறுதி நின்றது. தொண்ணூறாவது நாளில் நூற்றறுபது பேர்தான் இருந்தார்கள். அவர்கள் ஏகாம்பரத்தைக் கண்டதும் வேகமாக நடந்தார்கள். அதனால் வேலை பிந்தவில்லை. இது நல்ல நிர்வாக முறை என்று தாமோதரன் குறித்துக்கொண்டார்.

முனியனின் விடுப்பு புது இயந்திரத்துக்கு மாறியது. தவளை விதி மாறியது. ஐந்து மணி நேரத் தாமதமும் உள்ளது உள்ளபடி மாறியது.

இதற்கிடையில் விலங்குகளுக்குப் பட்டை கட்டும் வேலை நடந்தது. தான் இன்ன விலங்கு என்பதற்குச் சான்று காட்டினால்தான் பட்டை. புலி ஒன்பது நாள் வரிசையில் நின்றது. பழைய பதிவேட்டில் இருந்த படத்தில் பதினெட்டு வரிகள். நேரில் எண்ணினால் இருபத்தொன்று வந்தது. கூடுதல் மூன்று வரிகளுக்கு விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். புலி எழுதிக் கொடுத்தது.

நூற்றுப் பத்தொன்பதாம் நாள் பிற்பகல் செங்கமலம் ஒரு சுற்றறிக்கையோடு ஏகாம்பரத்தின் மேசைக்கு வந்தாள். மறுநாள் காலை பணியாளர் பயிற்சிக்கு அவள் அலுவலகத்துக்கு வர வேண்டும் என்று அதில் இருந்தது.

“நீங்க தண்ணி குடிக்கறதும் நாளைக்குக் காலையில, பயிற்சியும் அதே நேரத்துல போட்டிருக்காங்க. நான் எங்க சார் இருக்கணும்?”

அவளுக்குப் பதில் சொல்லாமல் ஏகாம்பரம் தாமோதரனைத் தேடிப் போனார். பயிற்சியை ஒரு நாள் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டார். தாராளமாக முடியும் என்றார் தாமோதரன். ஆனால் மதிப்பீட்டில் பயிற்சியும் சேர்ந்திருக்கிறது. பயிற்சி தள்ளிப்போனால் வேலை முடிய நூற்றிருபதரை நாள் ஆனதாகும். நாற்பத்திரண்டாவது மதிப்பீடும் தவறிவிட்டது என்றுதான் பதிவேட்டில் ஏறும். அதற்குச் சம்மதம் என்றால் ஒரு கையெழுத்துப் போட வேண்டும் என்று காகிதத்தை நீட்டினார்.

ஏகாம்பரம் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு பக்கம் தம்முடைய வயிற்றுத் தோல். இன்னொரு பக்கம் வாழ்க்கையில் முதல் முறையாகச் சரியாக வரப்போகிற ஒரு எண். அழுங்குகள் எவ்வளவு முட்டாள்களாக இருக்க முடியும் என்று யாராவது மதிப்பிடச் சொல்லியிருந்தால், அவர் அன்று சரியாகச் சொல்லியிருப்பார். திரும்பி வந்து செங்கமலத்திடம், பயிற்சிக்கே போய் வாருங்கள் என்றார். அவள் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

நூற்றிருபதாம் நாள் காலை. ஆணையர் ரிப்பனை வெட்டிவிட்டு விருந்தாளிகளோடு மேட்டுக்கு அப்பால் போய் நின்றுகொண்டார். ஏகாம்பரம் தனியாகக் கரையில் இறங்கினார். அவருடைய பட்டை பச்சையாக எரிந்தது. தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது. பயத்தில் நிறுத்தத் தெரியாமல் வயிறு முட்டக் குடித்தார்.

எதிர்ப்பக்கத்துப் புல் அசைந்தது. அதை அவர் பார்த்தார். ஆனால் சத்தம் எதுவும் கேட்காததால் அது காற்று என்று நினைத்தார். இருபத்தாறு வருடம் ஒரு காடு முழுவதும் நம்பியிருந்த ஏற்பாடு அந்த நேரத்தில் ஆணையர் அலுவலகத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து, பட்டையின் எந்தப் பொத்தானை எதற்கு அழுத்த வேண்டும் என்று கற்றுக்கொண்டிருந்தது.

புலி அவர் முன்னால் வந்து நின்றது. ஏகாம்பரம் சுருண்டுகொள்ளப் பார்த்தார். வயிறு நிறையத் தண்ணீர் இருந்ததால் பாதிக்கு மேல் வளைய முடியவில்லை.

புலி முன்காலை நீட்டிப் பட்டையைக் காட்டியது.

“இதைப் படி.”

‘தங்கள் முறை முடிந்துவிட்டது. நன்றி’ என்று ஓடிக்கொண்டிருந்தது.

“நேத்துக் கட்டினதுலேருந்து இதையேதான் சொல்லுது. எப்ப முடிஞ்சுது என் முறை? நான் இன்னும் ஒரு வாய் குடிக்கல.”

புலிக்கான விதி கடைசி நான்கில் ஒன்று. நேற்று அந்தி சாய்வதற்குள் அவசரமாக ஏற்றியது. அதைத் தூக்கி வந்த கறையானுக்கும் அதைச் சரிபார்க்க வேண்டிய ஏகாம்பரத்துக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதை ஏகாம்பரம் வெளியே சொல்ல விரும்பவில்லை. வரியில் பாதிதான் வந்து சேர்ந்தது என்று மட்டும் சொன்னார்.

“ஒன்பது நாள் வரிசையில நின்னேன். என் உடம்புல இருக்கிற வரிக்கு விளக்கம் எழுதிக் கொடுத்தேன்,” என்றது புலி. “இதுக்குக் கையெழுத்துப் போட்டது யாரு?”

பொய் சொல்லலாமா என்று ஏகாம்பரம் யோசித்தார். பட்டையின் ஓரத்தில் அவர் பெயர் இருந்தது.

“நான்தான்.”

“நல்லதாப் போச்சு. உன்னைத் தேடி அலைய வேண்டியதில்ல,” என்று புலி ஒரு பாதத்தை அவர் வயிற்றின்மேல் வைத்தது. நகங்கள் மெதுவாக வெளியே வந்தன.

“என்னைச் சாப்பிட்டா இதைச் சரிபண்ண வேற ஆள் இல்லீங்க. பழைய விதி முழுசாப் படிச்சது நான் ஒருத்தன்தான்.”

புலி யோசித்தது.

“சரிபண்ண எத்தனை நாள் ஆகும்?”

வாழ்நாள் முழுவதும் அவரைச் சுருட்டிய அதே கேள்வி. இப்போது சுருள வழியில்லை.

“பத்து நாள்ல...”

நகம் தோலில் பதிந்தது. “எங்க போனாலும் பத்து நாள்னுதான் சொல்றீங்க. வரி எண்ணினவனும் பத்து நாள்னுதான் சொன்னான்.”

ஏகாம்பரம் கண்களை மூடிக்கொண்டார். விதிகளை எண்ணவில்லை, கறையான்களை எண்ணவில்லை, எதையுமே எண்ணவில்லை. வாயில் வந்ததைச் சொன்னார்.

“பதினோரு நாள், மூணேகால் மணி நேரம்.”

பாதம் அப்படியே நின்றது.

“அந்த மூணேகால் மணி நேரம் எதுக்கு?”

“சரியா வேலை செய்யுதான்னு ஒரு தடவை ஓட்டிப் பார்க்கணும்.”

புலி நகங்களை உள்ளே இழுத்துக்கொண்டது. அதன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. “இந்தக் காட்டுல என்கிட்ட இவ்வளவு துல்லியமா யாருமே பேசினதில்ல,” என்றது. பிறகு தண்ணீர் குடிக்காமலே திரும்பிப் போனது. பட்டை, முறை முடிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்ததல்லவா?

மேட்டுக்கு அப்பால் நின்றவர்கள் வந்து பார்த்தபோது ஏகாம்பரம் முழு உடம்போடு கரையில் கிடந்தார். புதிய முறை வெற்றி என்று ஆணையர் அறிவித்தார். சொன்ன நாளில் முடிந்த முதல் வேலை என்று ஏகாம்பரத்துக்குத் துல்லியத்துக்கான கேடயம் கொடுத்தார்கள். செங்கமலம் பயிற்சிச் சான்றிதழோடு திரும்பி வந்து, அதைக் கூட்டில் முட்டைகளுக்கு அடியில் விரித்துவிட்டு, பழைய இடத்தில் ஒற்றைக்காலில் நின்றாள். அன்று முதல் விலங்குகள் அவளிடம் சீட்டுக்குப் பதில் பட்டையைக் காட்டின. அவள் ஐந்து மணி நேரத்தைக் கூட்டிச் சொன்னாள்.

பதினோராம் நாள், மூன்றேகால் மணி நேரம் கழித்து, நிமிடம் பிசகாமல் புல் அசைந்தது. செங்கமலம் கத்தினாள். எல்லோரும் ஓடினார்கள். ஏகாம்பரம் மட்டும் வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் எதையும் சரிசெய்திருக்கவில்லை. முயன்று பார்த்தார், புலியின் விதி அந்தத் தவளை விதியோடு பிணைந்திருந்தது, அதற்கு மேல் அவருக்கும் விளங்கவில்லை. தவளை விஷயத்தைப் புலியிடம் விளக்கிவிட்டு, இன்னும் பத்தொன்பது நாள், ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார். புலி நகத்தில் எண்ணிப் பார்த்துக்கொண்டது. முறை வரும்வரை தான் போய்க் குடிக்கிற பக்கத்துக் காட்டு ஓடையில் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, அங்கே நண்டு தின்று தின்று பல் கூசுகிறது என்று கொஞ்ச நேரம் அலுத்துக்கொண்டது. பிறகு போய்விட்டது.

அதன் பிறகு ஒரு வருடம் அந்தக் குளக்கரையில் ஒரு மானும் சாகவில்லை. அது புதிய இயந்திரத்தின் பெருமை என்று தாமோதரன் வண்ணப்படங்களோடு அறிக்கை தயாரித்து நாலு காடுகளுக்கு அனுப்பினார். ஏகாம்பரம் தினமும் காலையில் நாக்கு வழிக்கும்போது அடுத்த முறைக்கான எண்ணை யோசித்துக்கொள்வார். இருபத்துமூன்று நாள், ஐந்தே முக்கால் மணி நேரம் என்பது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. அதைக் கேட்ட அன்று புலி, அவரைத் தட்டிக்கொடுத்துவிட்டு, அவசரப்பட்டு வேலையைக் கெடுத்துவிட வேண்டாம் என்று சொல்லிப் போனது.

நீதி: எப்போது முடியும் என்று தெரியாத வேலைக்கு நாளை மட்டும் சொன்னால் புலி அடித்துவிடும், மணியையும் சேர்த்துச் சொன்னால் காத்திருக்கும்.